அவ்வப்போது சொதப்பும் ஸ்கிரிப்டுக்கு சிஸ்டம்டி டைமர்: கிரானை விட்டு மாறலாமா?

கையால் ஓட்டினால் ஓடும், அட்டவணையில் போட்டாலும் பெரும்பாலும் ஓடும், என்றைக்கோ ஒருநாள் மட்டும் சத்தமில்லாமல் விழும். இப்படிப்பட்ட ஸ்கிரிப்டைப் பிடிக்க, வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் பழைய கருவியான கிரான் அதிகம் உதவாது. வேலை தொடங்கியதை அது லாகில் எழுதும். எப்படி முடிந்தது என்று பொதுவாக எழுதாது. வெளியீட்டை மெயிலில் அனுப்பும், ஆனால் மெயில் அமைக்காத சர்வரில் அதுவும் போச்சு.

லினக்ஸில் இதற்கு, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமரைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். எதை ஓட்டுவது என்று சொல்லும் சர்வீஸ் ஃபைல், எப்போது என்று சொல்லும் டைமர் ஃபைல் என்று இரண்டு எழுத வேண்டியிருப்பது எரிச்சல்தான். பலன் முதல் தோல்வியிலேயே தெரியும். ஸ்டேட்டஸ் பார்த்தால் 203 என்று வந்திருக்கிறதா? ஃபைலையே இயக்க முடியவில்லை. பெர்மிஷனையும் ஸ்கிரிப்டின் முதல் வரியையும் பாருங்கள். 'ஊம் கில்' என்றால் மெமரி போதாமல் கெர்னல் கொன்றிருக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் வேறென்ன ஓடியது என்று தேடுங்கள். ஸ்கிரிப்ட் கக்கிய ஒவ்வொரு வரியும் நேரத்தோடு சிஸ்டம்டியின் லாகான ஜர்னலில் இருக்கும். நன்றாக ஓடிய நாளையும் விழுந்த நாளையும் அருகருகே வைத்துப் படித்தால், எந்த வரிக்குப் பிறகு பாதை பிரிந்தது என்று தெரிந்துவிடும்.

முந்தைய ஓட்டம் முடியாமல் டைமர் அடுத்ததைத் தொடங்காது என்பது இன்னொரு பெரிய நிம்மதி. கிரான் தொடங்கிவிடும், இரண்டு பிரதிகள் ஒரே ஃபைலில் எழுதி நாசமாக்கும். அங்கே எஃப்லாக் என்ற பூட்டுக் கமாண்டைப் போட்டுத்தான் தடுக்க வேண்டும்.

ஆனால் டைமரின் மோசமான பொறியும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஒருமுறை ஓடி முடியும் ஒன்ஷாட் வகை சர்வீசுக்கு இயல்பாக நேர வரம்பே கிடையாது. பதில் வராத நெட்வொர்க் இணைப்பில் ஸ்கிரிப்ட் தொங்கிவிட்டால் 'ஆக்டிவேட்டிங்', அதாவது இன்னும் தொடங்கிக்கொண்டிருக்கிறது என்றே கிடக்கும். அடுத்தடுத்த ஓட்டங்கள் நடக்காது, எரரும் வராது. வழக்கமாக ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கை, சர்வீஸ் ஃபைலில் நேர வரம்பு வைக்கும் 'டைம்அவுட் ஸ்டார்ட் செக்'கில் கட்டாயம் கொடுங்கள். கூடவே தகவல் அனுப்பும் இன்னொரு சர்வீஸை 'ஆன் ஃபெய்லியர்'இல் வைத்தால் தோல்வி உடனே உங்களை வந்து சேரும்.

டைமர் ஃபைலில் 'பெர்சிஸ்டன்ட்' போட்டால், மெஷின் அணைந்திருந்தபோது தவறிய ஓட்டத்தை பூட் ஆனதும் ஓட்டிவிடும். நெட்வொர்க் எழும் முன்பே ஓடி விழவும் கூடும். நெட்வொர்க் தயாராகும் வரை காத்திருக்க, நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்டை சர்வீஸ் ஃபைலின் 'வான்ட்ஸ்', 'ஆஃப்டர்' இரண்டிலும் எழுதுங்கள். சொன்ன நேரத்திலிருந்து 1 நிமிடம் வரை தள்ளித் தொடங்குவது இயல்பு. நொடி முக்கியமென்றால் டைமர் ஃபைலில் இந்தத் தளர்வைக் குறிக்கும் 'அக்யூரசி செக்'கைக் குறையுங்கள். உங்கள் யூசர் கணக்கில் ஓடும் டைமர் லாக்அவுட் ஆனதும் நின்றால், லாக்அவுட்டுக்குப் பிறகும் ஓட விடும் லிங்கரைப் போடவில்லை என்று அர்த்தம். சில டிஸ்ட்ரோக்களில் ரீபூட் ஆனால் ஜர்னல் அழிந்துவிடும், அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பாஷ் ஸ்கிரிப்டில் பைப்பின் நடுவில் ஒரு கமாண்ட் விழுந்து, கடைசி கமாண்ட் ஜெயித்தால் வெளியே போவது வெற்றியைக் குறிக்கும் 0. டைமரும் அதை வெற்றி என்றே எழுதும். டைமருக்கு மாறும் முன் ஸ்கிரிப்டின் தலையில், பைப்பில் எந்தக் கமாண்ட் விழுந்தாலும் பைப்பே தோற்றதாகக் கொள்ளும் 'பைப்ஃபெயில்' போடுங்கள்.