பேச்சு தேயும் நோய்க்கு மின்தூண்டலும் ஸ்பீச் தெரபியும்: எங்கள் நீண்டநாள் அனுபவம்

அம்மாவுக்கு வந்திருப்பது பிரைமரி புரொக்ரசிவ் அஃபேசியா. பக்கவாதத்தில் ஒரே நாளில் பேச்சு போவதுபோல் இல்லை இது. நடமாட்டம், ஆள் அடையாளம், அன்றாட வேலை எல்லாம் சரியாக இருக்கும்போதே சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாக நழுவும். 2011-இல் இந்த நோயை மூன்று வகையாகப் பிரித்தார்கள். அம்மாவுக்கு லோகோபெனிக் வகை. பொருள் தெரியும், பெயர் வாயில் வராது. நீளமான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவார். இந்த வகைக்குப் பெரும்பாலும் காரணம் அல்சைமர்தான் என்று நியூராலஜிஸ்ட் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதனால் குணமாகுமா என்று நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற பேச்சை எவ்வளவு காலம் பிடித்து வைக்கலாம் என்றுதான் கேட்டோம்.

அப்படித்தான் டிடிசிஎஸ் எனப்படும் மின்தூண்டல் வந்தது. தலைக்கு வெளியிலிருந்து மூளைக்கு மெல்லிய மின்சாரம் கொடுப்பது. பெயரைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் "ஷாக் ட்ரீட்மென்ட்டா?" என்று பதறினார்கள். அது வேறு, இது வேறு. இதில் மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. எலெக்ட்ரோடாக, சலைனில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்ச். ஒன்று இடது நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே, இன்னொன்று வலது கன்னத்தில். 2 மில்லியாம்பியர், 20 நிமிடம். ஆரம்பத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், பிறகு பழகிவிடும். ஸ்பாஞ்ச் காய்ந்தால்தான் தொல்லை: தோல் எரியும், சிவக்கும். அதனால் தெரபிஸ்ட் பக்கத்தில் சிரிஞ்ச் வைத்துக்கொண்டு, மெஷினில் மின்தடை அளவு ஏறும்போதெல்லாம் சில சொட்டு விடுவார். அளவுக்கு மீறி விட்டாலும் சலைன் வழிந்து மின்சாரம் வேறு இடத்துக்குப் பரவும்.

மின்சாரம் ஓடும்போது சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. பயிற்சியும் கூடவே ஓடும். கத்தரிக்கோல் படத்தைக் காட்டுவார்கள். அம்மா இரண்டு விரலை விரித்து மூடிக் காட்டி, "அது... துணி... வெட்டுறது" என்பார். தெரபிஸ்ட் பெயரைச் சொல்லிக் கொடுக்கமாட்டார். "வீட்ல எங்கம்மா இருக்கும்? யார்கிட்ட இருக்கும்? கூர்மையா, மழுங்கலா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார். அப்புறமும் வராவிட்டால் "க..." என்று முதல் எழுத்து. கடைசியில் எழுத வைப்பார். மின்சாரம் நின்ற பிறகும் பயிற்சி தொடரும்.

பலன் இருந்ததா? பயிற்சி கொடுத்த சொற்கள் நின்றன. கொடுக்காதவை அவை பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. இதில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரானா சப்கினி குழுவினர் 36 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு கட்டத்தில் நிஜ மின்சாரம், மறு கட்டத்தில் போலி. பயிற்சியால் மட்டுமே முன்னேற்றம் இருந்தது, மின்சாரம் சேர்ந்தபோது கூடுதலாக இருந்தது. லோகோபெனிக் வகைக்கும் திக்கித் திணறும் வகைக்கும் நல்ல பலன். சொல்லின் அர்த்தமே மறந்துபோகும் செமான்டிக் வகைக்கு அந்த அளவு இல்லை. எனவே எந்த வகை என்று தெரியாமல் தொடங்காதீர்கள்.

பயிற்சி கொடுத்தவைதான் நிற்கும் என்றால், எந்தச் சொற்களைக் கொடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். மெஷின் எந்த மாடல் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ரெடிமேட் படக் கார்டுகளில் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. அம்மாவுக்கு அந்தச் சொல் இனி எதற்கு? தெரபிஸ்டிடம் பேசி எங்கள் பட்டியலைக் கொடுத்தோம்: பேரப்பிள்ளைகள் பெயர், மாத்திரை, கண்ணாடி, சாவி, வலி, போர்வை, "வேண்டாம்", "அப்புறம்". படங்களும் எங்கள் வீட்டுப் பொருள்களையே போட்டோ எடுத்தவை. ஒரு நாள் பேரனின் பெயரைத் தடுமாறாமல் கூப்பிட்டு, "கண்ணாடி எடு" என்றார். டெஸ்ட் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை, அதனாலென்ன.

வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டுகள் விற்கிறார்கள். அவற்றில் பல மனச்சோர்வுக்கோ கவனக்குவிப்புக்கோ என்று வைத்தவை, எலெக்ட்ரோடு விழும் இடமே வேறு. இந்த நோய்க்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நான் தொடமாட்டேன். தலைக்குள் உலோகம், வலிப்பு வந்த சரித்திரம், பேஸ்மேக்கர், அந்த இடத்தில் புண் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றுக்கும் பலன் குறைகிறது. நோய் அதன் வேகத்தில் போகிறது. பட்டியலைச் சுருக்கிக்கொண்டே வருகிறோம், கூடவே போட்டோ நோட்டு ஒன்றும் வைத்திருக்கிறோம், சொல் வராதபோது விரலால் காட்டுவதற்கு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்பீச் தெரபியை எடுங்கள். மின்சாரம் மட்டும் வைத்து அனுப்பும் இடமாக இருந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.