ஒரு உறைக்கு இரண்டு கமிஷன்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சேலை விற்கும் நண்பர், வெளிநாட்டிலிருந்து பணம் வாங்க நான் பல வருஷமாக வைத்திருக்கும் ஆன்லைன் பேமெண்ட் கணக்கைத் தானும் திறக்கலாமா என்று கேட்டார். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

நான் விற்பது பழைய தபால்தலைகளும் உறைகளும். ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் காலனி) காலத்துப் பினாங்கு முத்திரை, ஜப்பானியர் 2602 என்று மேலச்சு அடித்தவை (அது ஜப்பானிய ஆண்டு, நம் கணக்கில் 1942), 1945இல் வந்த பிஎம்ஏ (பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்) மலாயா. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். முன்பெல்லாம் ஸ்விஃப்ட் எண் (வெளிநாட்டுப் பணத்துக்கான வங்கிக் குறியீடு), வங்கிக் கட்டணம் என்று விளக்குவதற்குள் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். இதில் ராத்திரி பட்டனை அழுத்துகிறார்கள், காலையில் பணம் தெரிகிறது. அதற்காகவே வாய் நிறையப் புகழ்ந்திருக்கிறேன்.

எரிச்சல் கமிஷனில்தான். பிடிப்பதில் தப்பில்லை, கடைக்கு வாடகை மாதிரி. ஆனால் விற்பனை ரத்தாகிப் பணத்தைத் திருப்பித் தந்தால், முன்பு கமிஷனும் எனக்குத் திரும்பி வரும். பிறகு விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது வாங்கியவருக்கு முழுத்தொகையும் போகும், கமிஷன் அவர்களிடமே தங்கிவிடும். நடக்காத வியாபாரத்துக்குக் கூலி!

உச்சம் சமீபத்தில் நடந்தது. ரிஜிஸ்டரில் போட்ட ஒரு உறையின் டிராக்கிங், மலேசியாவை விட்டுக் கிளம்பியது என்ற வரியோடு நின்றுவிட்டது. வாங்கியவர் ‘கிடைக்கவில்லை’ என்று புகார் போட்டார். லெபோ டவுனிங் தபால் நிலைய ரசீதையும் உறையின் படத்தையும் அனுப்பினேன், எடுபடவில்லை. பணம் போனது, கமிஷனும் போனது. கொஞ்ச நாளில் உறை அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. நல்ல மனிதர், தானாகவே மறுபடி பணம் அனுப்பினார். அதற்கும் கமிஷன் பிடித்தார்கள்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். டிராக்கிங் ‘டெலிவரி ஆனது’ என்று காட்டிய புகார்களில் என் பக்கமே தீர்த்தார்கள், வாதாடவே தேவைப்படவில்லை. ஆனால் புகார் செய்ய வாங்குபவருக்கு 180 நாள் அவகாசம் இருப்பதால், ஐந்து ரிங்கிட் தபால்தலைக்குக்கூட அதைவிட அதிகச் செலவில் டிராக்கிங் போட வேண்டியிருக்கிறது. சின்னச் சரக்கை விற்பதையே குறைத்துவிட்டேன்.

சேலைக்காரர் கவனிக்க வேண்டியது வேறு. பணம் கட்டிய பின் மெசேஜில் “அக்கா வீட்டுக்கு அனுப்புங்கள்” என்று புது முகவரி கொடுத்தால் அனுப்பாதீர்கள். பரிவர்த்தனையில் உள்ள முகவரி மாறினால் விற்பவருக்கான பாதுகாப்பு போய்விடும். அப்புறம், அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் கிடையாது. வரியைக் கேட்டதும் பார்சலே வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். பணத்தைத் திருப்பினால் கமிஷன் யார் தலையில் என்று மேலே சொல்லிவிட்டேன்.

உள்ளூர் விற்பனைக்கு டூயிட்நவ் கியூஆர் (மலேசிய வங்கிகளின் கியூஆர் பேமெண்ட்) போதும், இது வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக்கும் இன்றைய மனநிலையில் திறக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். என் கணக்கை மூடப் போகிறேனா? இல்லை. ஜெர்மனியிலிருந்து ஒருவர் 2602 உறைக்கு விலை கேட்டிருக்கிறார், ரிஜிஸ்டர் செலவையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.