‘2 ஜிபி கிராபிக்ஸ்’ என்று சொல்லி 150 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள்

சுங்கை சிப்புட் பக்கம் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடைப் பெயரைப் போட்டு வம்பு வளர்க்க எனக்கு விருப்பமில்லை.

மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் இருப்பது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 3 சிப், வேலை நினைவகமான ரேம் 4 ஜிபிதான். பள்ளிக்காக ஒரு காணொளியை வெட்டி ஒட்டும்போது திணறியது. மோட்டாரில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கிராபிக்ஸ் மெமரி 512 எம்பிதான் இருக்கு. 2 ஜிபி ஆக்கித் தர்றேன், பறக்கும்" என்றார். 150 வெள்ளி. செம்பனைத் தோட்டச் சம்பளத்தில் அது சின்னக் காசில்லை. ஆனாலும் ஏதோ கார்டு மாற்றப்போகிறார் என்று தலையாட்டினேன். பத்தே நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் பறக்கவா செய்தது? குரோமில் இரண்டு பக்கம் திறந்தாலே உறைந்து நின்றது. மகள் அழாத குறை.

ஈப்போவில் கணினி வேலை பார்க்கும் என் தங்கச்சி மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான். செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்து காட்டினான்: ரேம் 4 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 1.9 ஜிபி. முன்பு அந்த இடத்தில் 3.4 என்று இருந்தது மகளுக்கு நினைவிருக்கிறது. விண்டோஸ் 11-க்கே குறைந்தது 4 ஜிபி கேட்கிறார்கள். மிச்சம் இருக்கிற 1.9-இல் அது எப்படி மூச்சுவிடும்?

"மாமா, இதுல கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரியே கிடையாது. ரேம்தான் ஒரே அரிசி டின், விண்டோஸும் கிராபிக்ஸும் ரெண்டு அடுப்பு. அவர் கிராபிக்ஸ் அடுப்புக்கு 2 ஜிபியைப் பிரிச்சுப் பூட்டி வச்சுட்டாரு" என்றான். பூட்டிய இடம் பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கம். கணினி கிளம்பும்போது எஃப்2 அழுத்தி உள்ளே போனான். ‘யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் சைஸ்’ என்று, ரேமில் கிராபிக்ஸுக்கு எவ்வளவு ஒதுக்குவது எனக் கேட்கும் ஒரு வரி இருந்தது. 2ஜி என்றிருந்ததை ‘ஆட்டோ’வாக்கி சேவ் செய்தான். இரண்டு நிமிட வேலை, காசு வாங்க இதில் ஒன்றுமே இல்லை. எல்லா லேப்டாப்பிலும் இந்த வரி இருக்காதாம், நிறைய கம்பெனிகள் மறைத்து வைத்துவிடுகின்றன.

இன்டெல் சிப் வைத்திருப்பவர்களிடம் வேறு வித்தை காட்டுவார்களாம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை மாற்றுவார்கள். திரையில் கிராபிக்ஸ் மெமரி 512 எம்பி என்று தெரியும், உள்ளே எதுவும் மாறியிருக்காது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்ட் ஜிபியு மெமரி’ (கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும் ரேம்) என்று ரேமில் பாதியளவு காட்டுவதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அது உச்ச வரம்பு மட்டும், தேவைப்படும்போது எடுத்துக்கொண்டு பிறகு திருப்பி விட்டுவிடும்.

சரி, காசைத் திருப்பிக் கேட்கக் கடைக்குப் போனேன். "2 ஜிபி காட்டுச்சா இல்லையா? சொன்னதைத்தானே செஞ்சேன்" என்றார் அந்தத் தம்பி. ரசீதில் ‘விஜிஏ (கிராபிக்ஸ்) அப்கிரேட் 2 ஜிபி’ என்று எழுதியிருப்பதைக் காட்டி, எந்தப் பொருளை மாற்றினாய் என்று கேட்டேன். முதலாளியைக் கூப்பிடப் போனவர் திரும்பி வரவே இல்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் பதிய 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீலும் வேண்டாம். அதற்கான பாரம் 1-ஐ மகள் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். காணொளியும் முடிந்துவிட்டது, திணறித் திணறித்தான். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொரு ரேம் போடும் இடம் காலியாகவே கிடந்தது. கடைக்காரர் அதை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த 150 வெள்ளியை அதில் போட்டிருப்பேன்.