ஆட்டிசம் உள்ள மகனை மாண்டிசோரி பள்ளியில் சேர்த்து ஒரு வருடம்
மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம், பேச்சு குறைவு. முதல் பள்ளியில் "எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்வோம்" என்றார்கள். சேர்த்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் நான்கு மாற்றுப் பள்ளிகள் ஏறி இறங்கி, குழந்தையே கருவிகளை எடுத்துச் செய்து கற்கும் இந்தச் சின்ன மாண்டிசோரி பள்ளிக்கு வந்தோம்.

இது நம் பிள்ளைக்கு ஒத்துவராது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மரியா மாண்டிசோரி 1907ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்குவதற்கு முன்பே அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்தவர். இத்தார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் வழியைத்தான் அப்போது எடுத்துக்கொண்டார். வகுப்பில் அது தெரிகிறது: வெவ்வேறு அளவுக் குழிகளில் பொருத்த வேண்டிய உருளைக் கட்டைகளில் ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் ஒன்று மிஞ்சும், அவனே மாற்றிப் போட்டுக்கொள்வான். "தப்பு" என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவியே பாதி எழுத்து வந்துவிட்டது.

சரி, குறைகள். மூன்று மணி நேரம் எதை வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்ற சுதந்திரம் இவனுக்கு ஒத்துவரவில்லை, அடுத்து என்ன என்று தெரியாவிட்டால் தவித்துப்போவான், முதல் மாதம் முழுக்கச் சட்டை நனைய நனைய தண்ணீர் ஊற்றும் வேலையையே செய்துகொண்டிருந்தான். ஆசிரியைதான் அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளின் மூன்று படங்களை வரிசையாக ஒட்டி, முடித்த வேலையின் படத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார். நான் பார்த்த இன்னொரு பள்ளியில் இதையே கேட்டபோது "மாண்டிசோரியில் அப்படிச் செய்ய மாட்டோம்" என்றார்கள். ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருப்பதால் காத்திருக்க வேண்டும், இன்றும் சில நாள் அதற்காகக் கத்துகிறான். பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒருநாள்தான் வருகிறார், என்ன செய்தார் என்று நாமாகக் கேட்டால்தான் தெரியும். இவனுக்கென்றே எழுதிய தனிநபர் கல்வித் திட்டத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம் என்றவர்கள் நான் நினைவுபடுத்திய பிறகு ஒருமுறை பார்த்தார்கள்.

பள்ளி தேடுகிறவர்கள் ஒரு காலை முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், ஷெல்ஃபில் இருக்கும் பொருளைப் பார்த்து மயங்க வேண்டாம். "குழந்தை கத்தினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். ஓரிடத்தில் "உங்களைக் கூப்பிடுவோம்" என்றார்கள், கிளம்பிவிட்டேன். இங்கே "முதலில் எதனால் என்று பார்ப்போம், பெரும்பாலும் சத்தம்தான்" என்றார்கள்.

அடுத்து ஆறிலிருந்து ஒன்பது வயது வகுப்பு, அங்கே குழு வேலையும் பேச்சும் அதிகம். புது ஆசிரியையோடு இப்போதே தினம் அரை மணி நேரம் பழக விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.