திரையில் இரு கேலிச்சித்திரக்காரர்கள்

டேவிட் ஃபின்ச்சரின் ‘ஸோடியாக்’ (2007) படத்தில் ராபர்ட் கிரேஸ்மித் நாளிதழின் கேலிச்சித்திரக்காரராக அறிமுகமானாலும், கொலையாளியின் சங்கேதக் கடிதங்கள் அவரை ஆட்கொண்ட பிறகு அவருடைய வரைமேசை ஏறக்குறைய மறக்கப்பட்டுவிடுகிறது. விடாத கவனமும் புதிர்மீதான வேட்கையுமே அத்தொழிலின் அடையாளமாக எஞ்சுகின்றன.

கஸ் வான் சான்ட் இயக்கி 2018இல் வெளிவந்த, கேலிச்சித்திரக்காரர் ஜான் காலஹனின் வாழ்க்கைப் படமான ‘டோன்ட் வொரி, ஹி வோன்ட் கெட் ஃபார் ஆன் ஃபுட்’டோ வரைதலுக்கு உரிய இடத்தைத் தருகிறது: கார் விபத்தில் உடலின் பெரும்பகுதி செயலிழந்த அவர், பேனாவை இரு கைகளுக்கும் இடையே பற்றிக் கோடிழுப்பதையும், அந்த நடுங்கும் கோடுகளே ஊனத்தைப் பற்றிய துணிச்சலான நகைச்சுவையாக மாறுவதையும், அச்சான படங்கள் சிலரைச் சிரிக்கவும் சிலரைக் கொதிக்கவும் வைப்பதையும் பொறுமையாகக் காட்டுகிறது. திரைக்கதையின் கட்டுக்கோப்பில் முன்னதே மேலானது; ஆனால், கேலிச்சித்திரம் எப்படிப் பிறக்கிறது என்று அறிய விரும்புவோர் பின்னதையே பார்க்க வேண்டும். காலஹனாக வரும் வாக்கின் ஃபீனிக்ஸின் நடிப்பும் அதற்குத் துணைநிற்கிறது.