மடக்கு கட்டிங் டேபிள் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் தைப்பவர்கள் துணி விரித்து வெட்டுவதற்கென்று விற்கும் மடக்கு கட்டிங் டேபிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விற்றவர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள். பணமும் போய், நல்ல துணியும் வீணானது. அதே படத்தைப் போட்டு வேறு வேறு பெயர்களில் இன்னும் விற்றுக்கொண்டிருப்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் உயரம். "36 இன்ச், நின்றுகொண்டே வெட்டலாம், முதுகு வலிக்காது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நின்று வெட்டுகிறவர்களுக்கு அது நல்ல அளவு. கையை மடக்கி நின்றால் முழங்கை எங்கே இருக்கிறதோ, அதற்கு நாலைந்து இன்ச் கீழே பலகை இருக்க வேண்டும். ஐந்தடி நாலு இன்ச் உயரமுள்ள பெண்ணுக்கு அது 35, 36 இன்ச் பக்கம் வரும். மெஷின் வைக்கும் மேசையோ 28 முதல் 30 இன்ச்தான், உட்கார்ந்து தைப்பதற்கான உயரம் அது. அதில் குனிந்து வெட்டினால் ஒரு கவுன் வெட்டி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். எனக்கு வந்த டேபிளை மாட்டி நிறுத்தி டேப் வைத்துப் பார்த்தால், பலகை 31 இன்ச்சில் நிற்கிறது. அதுவும் சக்கரத்தோடு சேர்த்து! கேட்டதற்கு, பக்கவாட்டில் ஸ்கேல், கத்தரி மாட்டுவதற்கு ஒரு கம்பித் தாங்கி இருக்கிறது, அதன் நுனி வரைக்கும் அளந்தால் 36 என்று பதில் வந்தது. துணி விரிக்கிற பலகைக்கும் அந்தக் கம்பிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படிக்கிறவர்கள் பலகையின் உயரம் என்றுதான் நினைப்பார்கள் என்று தெரிந்தே போட்ட எண் அது.

நீளமும் அகலமும் 60க்கு 36 என்று இருந்தது, அது கிட்டத்தட்ட உண்மை. அந்த அளவு தேவையும்கூட. 44 இன்ச் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியை இரண்டாக மடித்தால் 22 வரும், 58, 60 பன்னா என்றால் 30 வரை போகும். ஓரத்தில் ஸ்கேல் வைக்கக் கொஞ்சம் இடம் வேண்டும் என்றால் 36 அகலம் வசதி.

ஆனால் அந்த 60 இன்ச்சும் ஒரே சமமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி, என்னைக் கேட்டால் வேறு எதையும்விட முக்கியமான கேள்வி. நடுவில் ஒரு குறுகிய பலகை, இரண்டு பக்கமும் கீல் வைத்த சிறகுகள். விரித்தால் சிறகு நடுப்பலகையைவிட 3 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) அந்தப் படியைத் தாண்டும்போது பிளேடு மேலே எழும்பி, அந்த இடத்தில் நூல் அறுபடாமல் நிற்கும். திரும்ப ஓட்டினால் வெட்டு இரட்டையாகிவிடும். அதோடு சிறகின் வெளி ஓரம் துணியின் கனத்துக்கே கீழே தொங்குகிறது. வழுக்கும் துணியாக இருந்தால் மேல் மடிப்பு ஒரு பக்கம், கீழ் மடிப்பு ஒரு பக்கம் என்று சரிந்துவிடும். பனியன் துணியோ கிராஸில் (மூலைவாட்டில்) வெட்டும் துணியோ தன் கனத்தாலேயே இழுபடும். மேசையில் இழுபட்ட நிலையில் வெட்டிய துண்டு கையில் எடுத்ததும் சுருங்கி வேறு அளவாகிவிடும். சட்டையின் இரண்டு கைத் துண்டும் ஒரே அளவில் வராமல், நான் ஆசையாக எடுத்து வைத்திருந்த ஒரு ஷிஃபான் துணி இப்படித்தான் பாழானது. போதாததற்குப் பலகை ஓரத்தில் ஒட்டிய பட்டி பிசிறு பிசிறாக இருந்து இழையை வேறு இழுத்துவிட்டது.

இலவசம் என்று ஒரு கட்டிங் மேட் (கட்டருக்கு அடியில் விரிக்கும், அளவுக்கோடு போட்ட விரிப்பு) அனுப்பியிருந்தார்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அதில் அச்சடித்த 24 இன்ச், உண்மையில் 23¾ இன்ச்தான். எந்த மேட் வாங்கினாலும் கோடுகளை முதலில் அளந்துவிடுங்கள். அயர்ன் பாக்ஸை அதன் மேல் வைக்காதீர்கள், சூட்டில் வளைந்தால் மறுபடி நேராகாது.

"கெட்டி மரம்" என்று சொன்ன பலகை, ஓரப்பட்டி பிரிந்ததும் என்னவென்று தெரிந்துவிட்டது. மரத்தூளையும் சில்லையும் பசை வைத்து அழுத்திய பார்ட்டிகல் போர்டு, 12 மில்லிமீட்டர் தடிமன். பார்ட்டிகல் போர்டே கூடாது என்று சொல்லவில்லை. நல்ல தடிமனில், கீழே சட்டம் கொடுத்தால் உழைக்கும். ஆனால் ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊறி உப்பும், காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது. ஸ்க்ரூவைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் பிடிப்பு தளர்ந்துவிடும். தினமும் மடக்கி விரிக்கிற கீலுக்கு அவ்வளவு மெல்லிய பலகை தாங்கவே தாங்காது. ஒரு நாள் திரைச்சீலைத் துணியை விரித்துக்கொண்டிருக்கும்போது ஸ்க்ரூ பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்து, சிறகு அப்படியே இறங்கியது. கனமான கத்தரி என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. குழந்தைகள் சுற்றி விளையாடுகிற வீட்டில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

புகார் சொன்னதும் ஆரம்பித்தது அடுத்த கட்டம். அதிக பாரம் ஏற்றியதால் உடைந்தது என்றார்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று விளம்பரத்திலும் இல்லை, கூட வந்த தாளிலும் இல்லை. பிறகு, மாட்டிவிட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். மாட்டாமல் படியும் தொங்கலும் எப்படித் தெரியும்? கடைசியில், நான் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டால் பணத்தில் ஒரு பகுதி தருகிறோம் என்று செய்தி அனுப்பினார்கள். மறுத்துவிட்டேன். அந்த டேபிளுக்கு இருக்கும் புகழுரைகளில் எத்தனை இப்படி வாங்கியவையோ!

அதனால் வாங்குவதற்கு முன், பலகையின் மேல்பரப்பு தரையிலிருந்து எத்தனை இன்ச் என்று எழுத்தில் கேளுங்கள். என்ன பலகை, எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேளுங்கள். விரித்த நிலையில் இணைப்பின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்த டேபிள் வேண்டாம். மாட்டிய பிறகும் திருப்பித் தரலாமா என்பதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். சக்கரம் வைத்தது என்றால் நான்குக்கும் பூட்டு இருக்க வேண்டும். இரண்டுக்கு மட்டும் இருந்தால் கட்டரை அழுத்தும்போது மேசை சுழலும். பெட்டி வந்ததும் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். "நல்ல நிலையில் பெற்றேன்" என்று பிரிக்காமலே கையெழுத்துக் கேட்டால், பிரித்துப் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மடக்கியே ஆக வேண்டிய அளவுக்கு இடநெருக்கடி இல்லாதவர்கள் இந்த வகை டேபிள் பக்கமே போக வேண்டாம். மரக்கடையில் ஒரு ஃப்ளஷ் டோர் (இரு பக்கமும் தட்டையான கதவு) பலகையோ 18 மில்லிமீட்டர் பிளைவுட்டோ வாங்கி, உங்கள் முழங்கைக்கு ஏற்ற உயரத்தில் இரண்டு அலமாரிகள் மேல் போட்டால் இணைப்பே இல்லாத சமதளம் கிடைக்கும். வாங்கும்போது கடையிலேயே இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிரெதிர் ஓரங்கள் சம நீளமாக இருந்து, மூலைவிட்டங்களும் ஒன்றாக இருந்தால் மூலைகள் செங்கோணம்தான். ஓரம் வளையாமல் நேராக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டால், அந்த ஓரத்தையே நேர்கோடாக வைத்து வெட்டலாம்.