கண்புரை: சொட்டு மருந்தா, ஆபரேஷனா, காத்திருப்பதா?

"கத்தி வேண்டாம், சொட்டு மருந்திலேயே புரை கரைந்துவிடும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓய்ந்தபாடில்லை. வயதான அப்பா, அம்மா இருக்கும் வீடுகளில் அதை நம்பத் தோன்றுவது இயல்புதான். கண்ணில் கத்தி வைப்பது என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? ஆனால் இந்தப் பேச்சில் கடையில் விற்கும் மருந்து, ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வராத மருந்து, புரைக்குச் சம்பந்தமே இல்லாத மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் ஆபரேஷனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதே தெரியும்.

சம்பந்தமில்லாததை முதலில் தள்ளிவிடலாம். 2024 ஆகஸ்டில் பிரெஸ்வியூ என்ற பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்ததும் "இனி கண்ணாடி தேவையில்லை" என்று செய்திகள் பறந்தன. நிறுவனம் சொல்லிக்கொண்டது அனுமதித்த எல்லையைத் தாண்டிப் போனதால் அடுத்த மாதமே அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. அது வெள்ளெழுத்துக்கான மருந்து. கண்பாவையைச் சுருக்கி, கிட்டத்தில் இருப்பதைச் சில மணி நேரம் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான். லென்ஸின் நடுவில் புரை உள்ளவருக்குப் பாவை சுருங்கினால் பார்வை இன்னும் மங்கும்.

அடுத்து, புரை எங்கே இருக்கிறது என்பது. கண்ணின் மேல் படர்ந்த ஏதோ ஒரு படலம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். துடைத்தோ கழுவியோ எடுத்துவிடலாம் என்ற எண்ணமும் அதிலிருந்துதான் வருகிறது. உண்மையில் கண்பாவைக்குப் பின்னால் உள்ள இயற்கை லென்ஸ்தான் மங்கிப்போகிறது. அந்த லென்ஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் கிரிஸ்டலின் என்ற புரதங்கள். ஒளி தடையில்லாமல் போகவேண்டும் என்பதால் அதற்கு ரத்தக் குழாயே கிடையாது. உள்ளே இருக்கும் நார் செல்கள் தங்கள் உட்கருவைக்கூட இழந்தவை. அதனால் பழுதான புரதத்தை அகற்றிப் புதிது செய்துகொள்ள அவற்றுக்கு வழியில்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான புரதம்தான் எழுபது வயதிலும் லென்ஸின் நடுவில் இருக்கிறது. வயது, வெயில், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், நீண்டநாள் ஸ்டீராய்டு என்று ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்க, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அந்தத் திரள்தான் புரை.

வெளியிலிருந்து விடும் ஒரு சொட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். ஒரு சொட்டின் அளவு சுமார் 40 முதல் 50 மைக்ரோலிட்டர். இமைக்குள் தங்குவதோ 30 மைக்ரோலிட்டர் அளவுதான். மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசப்பது அதனால்தான். கருவிழியைத் தாண்டி உள்ளே போவது 5 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கப்புறம் லென்ஸின் உறை, அதற்குள் நெருக்கி அடுக்கிய நார்கள், எல்லாவற்றையும் தாண்டி நடுப்பகுதி. புரைச் சொட்டு எதுவானாலும் முதலில் ஜெயிக்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

கடையில் கிடைப்பவற்றில் மூன்றைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பைரெனாக்சின் ஜப்பானிலும் பல ஆசிய நாடுகளிலும் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. அதைச் சிபாரிசு செய்கிறவர்களே புரை வளர்வதைத் தாமதப்படுத்தும் என்றுதான் சொல்கிறார்கள், கரைக்கும் என்றல்ல. தாமதப்படுத்துகிறது என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. என்-அசிட்டைல் கார்னோசின் இணையத்தில் அதிகம் விற்பது. ரஷ்ய ஆய்வாளர்கள் முன்வைத்த மருந்து. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் அதை அலசியபோது, முடிவுக்கு வரத் தக்க தரமான ஆய்வு ஒன்றுகூடச் சேரவில்லை. மூன்றாவது, ஹோமியோபதிக் கடைகளில் கிடைக்கும் சினரேரியா. அதற்கும் இதே நிலைதான்.

"அப்படியென்றால் எங்க மாமாவுக்கு எப்படிச் சரியாச்சு?" என்ற கேள்வி உடனே வரும். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மாற்றம் தெரிந்திருக்கும். லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது அதன் ஒளி விலக்கும் திறன் கூடுகிறது. அதனால் பல வருடமாகக் கண்ணாடி போட்டுப் பேப்பர் படித்தவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்கத் தொடங்குவார். தூரத்துப் பார்வை அதே சமயம் கெட்டுக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் எந்தச் சொட்டைப் போட்டிருந்தாலும் புகழ் அந்தச் சொட்டுக்குத்தான் போகும். ஆனால் அது புரை முற்றுவதன் அடையாளம், குணமாவதன் அடையாளம் அல்ல. இன்னொன்று, வயதானவர்களில் பலருக்குக் கண் உலர்ந்திருக்கும். கார்னோசின் சொட்டுகள் சிலவற்றில் கண்ணை ஈரமாக வைக்கும் கிளிசரின், செல்லுலோஸ் வகைப் பொருட்களும் உண்டு. கண்ணீர்ப் படலம் சீரானதும் பார்வை கொஞ்சம் தெளியும். சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போதும் பார்வை மங்கித் தெளிவது உண்டு. "தெரிகிறது" என்று அவர் சொல்வதை மட்டும் வைத்துப் புரை கரைந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. பாவையை விரித்து, ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் டாக்டர் லென்ஸைப் பார்த்தால்தான் தெரியும்.

சொட்டு மருந்தால் நஷ்டம் என்ன, போட்டுப் பார்ப்போமே என்றும் கேட்கிறார்கள். சுத்தமில்லாமல் தயாரித்த சொட்டு கண்ணுக்கே ஆபத்து. 2023இல் சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்றில் அங்கே 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். அனுமதி இல்லாமல் இணையத்தில் விற்கும் புரைச் சொட்டுகளை வாங்குமுன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான், ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். 2015இல் நேச்சர் இதழில், அமெரிக்காவின் சான் டியாகோவில் இருந்த காங் ஜாங்கும் அவருடைய சகாக்களும் லானோஸ்டிரால் பற்றி எழுதினார்கள். பிறவிப் புரை உள்ள குழந்தைகளின் குடும்பங்களில், அந்தப் பொருளை உடலில் உண்டாக்கும் மரபணு பழுதாகியிருந்தது. அதையே மருந்தாகக் கொடுத்தபோது முயலின் லென்ஸும் நாய்களின் கண்ணும் ஓரளவு தெளிந்தன. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் நாய்களுக்குச் சொட்டு மட்டும் விடவில்லை, கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள் என்பது அந்தச் செய்திகள் பலவற்றில் வரவே இல்லை.

அதே வருடம் பெங்களூருவில் ஒரு கண் மருத்துவமனை செய்த எளிய பரிசோதனைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆபரேஷனில் வெளியே எடுத்த 40 புரை லென்ஸ் கருக்களில் (லென்ஸின் இறுகிய நடுப்பகுதி) சிலவற்றை லானோஸ்டிரால் கரைசலிலும் மீதியை வெறும் கரைசலிலும் 6 நாள் ஊறவைத்தார்கள். கருவிழித் தடை இல்லை, உறை இல்லை, வழிந்தோடும் கண்ணீர் இல்லை. நேரடியாக மருந்திலேயே கிடந்தும் அவை தெளியவில்லை. மனிதனுக்கு வயதாகி முற்றிய புரை வேறு, பிறவிக் கோளாறில் வந்த புரை வேறு என்பதைக் கண்முன் காட்டிய சோதனை இது. 2019இல் எலிகளின் லென்ஸை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வும் லானோஸ்டிரால் பலிக்கவில்லை என்றுதான் முடித்தது.

கதை அதோடு நின்றுவிடவில்லை. 2022இல் இங்கிலாந்தில் பார்பரா பியர்சியோனெக் குழு, இதே ஸ்டிரால் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மருந்தைச் சுண்டெலிகளில் சோதித்தது. 61 சதவீத லென்ஸ்களில் ஒளி விலக்கும் தன்மை மேம்பட்டது, 46 சதவீதத்தில் மங்கல் குறைந்தது. ஆனால் அவை மரபணுக் கோளாறு உள்ள எலிகள். 2024இல் வந்த ஆய்வு இன்னும் அழகானது. குளிர்காலம் முழுக்கத் தூங்கும் ஒருவகைத் தரை அணிலின் லென்ஸ் குளிரில் மங்கி, சூடேறியதும் தானாகவே தெளிகிறது. அதற்கு உதவும் ஆர்என்எஃப்114 என்ற புரதத்தை எலிகளுக்கும் வரிக்குதிரை மீனுக்கும் கொடுத்தபோது அவற்றின் புரையும் தெளிந்தது. திரண்ட புரதத்தைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்தும் வேலை அது. வருங்காலத்தில் ஆரம்பநிலைப் புரைக்கு ஒரு மருந்து வந்தால் இப்படிப்பட்ட பாதையில் வரலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு மங்கலாகத் தெரியும் அம்மாவுக்கு அது உதவாது.

ஆபரேஷன் பக்கம் இப்படித் தயங்க வேண்டியதில்லை. 1949 நவம்பரில் லண்டனில் ஹரோல்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் சில்லுகள் அங்கேயே தொந்தரவில்லாமல் கிடந்ததைப் பார்த்துதான் அந்த யோசனை வந்தது. பேகோ முறையை 1967இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்தார். 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியாக ஊசி முனையை நுழைத்து, மீயொலி அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விரிக்கிறார்கள். இதைத்தான் ஊரில் லேசர் ஆபரேஷன் என்கிறோம், லேசருக்கு இதில் வேலை இல்லை. இன்னொன்று, கையாலேயே செய்யும் சிறுதுளை முறை. வெட்டு 6, 7 மில்லிமீட்டர் இருக்கும், ஆனால் சாய்வாகப் போவதால் தையல் தேவைப்படாது. பழுப்பேறிக் கல்லாக இறுகிய புரைக்கு இது நல்ல வழி. 2007இல் நேபாளத்தில் இரண்டையும் ஒப்பிட்டபோது, 6 மாதம் கழித்துப் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. பேகோவுக்குக் காசு இல்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. 1992இல் மதுரையில் ஆரோலேப் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகு விலை பல மடங்கு குறைந்தது. அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இலவசமாகவே செய்கிறார்கள்.

ஆபத்து இல்லாமல் இல்லை. எல்லாரும் பயப்படுவது கண்ணுக்குள் வரும் தொற்றுக்கு. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சம் ஆபரேஷன்களை ஆராய்ந்த அறிக்கை 2017இல் வந்தது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் செலுத்த ஆரம்பித்ததும், தொற்று பத்தாயிரத்துக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது. சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்கும். அதை யாக் லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். விழித்திரையில் சர்க்கரை பாதிப்பு இருந்தால், ஆபரேஷன் நன்றாக நடந்தும் பார்வை முழுதாக வராது. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண லென்ஸ் வைத்தால் படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.

அப்போ ஆபரேஷனுக்கு உண்மையான போட்டி எது? என் பார்வையில், புதுக் கண்ணாடியோடு காத்திருப்பதுதான். ஆரம்பப் புரைக்கு அவசரமே இல்லை. கண்ணாடி நம்பரை மாற்றி, வெளிச்சம் கூட்டி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து வருடக்கணக்கில் தள்ளலாம். ராத்திரி வண்டி ஓட்டும்போது எதிர்விளக்கு கூசுகிறதா, படியில் கால் தடுமாறுகிறதா, வேலை கெடுகிறதா என்பதைப் பார்த்து நாள் குறிக்கலாம். முற்றினால்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ரொம்ப முற்றவிட்டால் லென்ஸ் உப்பியோ கசிந்தோ கண் அழுத்தம் ஏறும், வலியோடு ஓட வேண்டிவரும். சொட்டை நம்பிப் பரிசோதனைக்கே போகாமல் இருப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மங்கலுக்குக் காரணம் புரை என்று அவராகவே நினைத்திருப்பார். உள்ளே கண் அழுத்த நோய் நரம்பைத் தின்றுகொண்டிருக்கும். அந்தப் பார்வை எந்த ஆபரேஷனாலும் திரும்பாது.

காத்திருக்கவே கூடாத ஒரு கூட்டம் உண்டு, குழந்தைகள். பிறந்த குழந்தையின் கண்பாவை வெள்ளையாகத் தெரிந்தாலோ, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெளுத்துத் தெரிந்தாலோ, அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். புரை இல்லாமல் கண்ணில் கட்டியாகவும் இருக்கலாம். அடர்ந்த பிறவிப் புரை என்றால் ஒரு கண்ணில் இருந்தால் சுமார் 6 வாரத்துக்குள், இரண்டிலும் இருந்தால் சுமார் 8 வாரத்துக்குள் எடுப்பது நல்லது என்கிறார்கள். மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும் காலம் அது. தவறவிட்டால் பிறகு லென்ஸ் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பார்வை சரியாக வராது. லானோஸ்டிரால் செய்தி பிறவிப் புரையிலிருந்துதான் தொடங்கியது என்பதால், அதைப் படித்துவிட்டு மருந்து வரட்டும் என்று காத்திருக்கும் பெற்றோர் இருந்தால் அவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.